மலைக்காட்டில் வழி தவறினால்: நீர் தேடுவதும் இரவுக்கு ஒதுங்குவதும்

மேற்குத்தொடர்ச்சி மலையில் வழி தவறியவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், தண்ணீரைத் தேட வேண்டும் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். அது பாதி மலைக்குத்தான் பொருந்தும். மார்ச் மாத நண்பகலில் தேனிக்கு மேற்கேயோ வத்திராயிருப்புக்கு மேலேயோ முட்காட்டுக்குள் சிக்கியவருக்குத் தண்ணீர்தான் முதல் கவலை. அதே மலையின் மேல்தளத்தில், சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் 2000 மீட்டர் உயரத்தில், டிசம்பர் மாலையில் மூடுபனிக்குள் திசை தெரியாமல் நிற்பவருக்குத் தண்ணீர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்; அவர் உயிருக்கு உலை வைப்பது குளிர்தான். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் தேனியில் சட்டை நனைய வியர்க்கும் நாளில், 2100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலில் கம்பளி தேவைப்படுவது இதனால்தான்.

ஆகவே எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில் நிற்கிறோம் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒருவர் சுமார் மூன்று நாள் தாங்குவார் என்பது பொதுவான கணக்கு. கடும் வெயிலில் நடந்துகொண்டே இருந்தால் அந்தக் கணக்கு ஒரு நாளுக்குள் சுருங்கிவிடும். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்துவிட்டாலோ 10 டிகிரி வெப்பநிலையிலேயே, ஒரே இரவுக்குள், உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கீழ்ச்சரிவில் கோடை என்றால் நீரும் நிழலும் முதலில். மேல்மலையில் மழையோ பனியோ என்றால் ஒதுங்குமிடமும் உலர்ந்த உடையும் முதலில்.

பாதை தவறிவிட்டது என்று தோன்றிய உடனே உட்கார்ந்துவிட வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த ஒன்றுதான் செய்வதற்கு மிகக் கடினம், ஏனெனில் அந்த மேட்டைத் தாண்டினால் பாதை தெரிந்துவிடும் என்ற நப்பாசை காலை இழுத்துக்கொண்டே போகும். அந்த மேட்டைத் தாண்டினால் இன்னொரு மேடு இருக்கும். சூரியன் தெரியாத காட்டில் நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டே மனிதர் வட்டமடிப்பார். உட்கார்ந்த இடத்திலிருந்து கைப்பேசியில் 112 என்ற எண்ணை அழைத்துப் பார்க்கலாம். நம்முடைய இணைப்பு நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போய்ச் சேரும். பேச்சுக்குப் போதாத சிக்னலிலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும் என்பதால், இருக்கும் இடத்தின் அடையாளத்தை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு கைப்பேசியை அணைத்து வைப்பது நல்லது.

அடுத்து, வெளிச்சம் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கையை முழுவதுமாக நீட்டி, விரல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கைவசமாக வைத்து, சூரியனின் அடிவிளிம்புக்கும் மலைமுகட்டுக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணினால், விரலுக்குச் சுமார் 15 நிமிடம் என்று கணக்கிடலாம். அடிவானத்தை அல்ல, முகட்டையே அளவாகக் கொள்ள வேண்டும். கிழக்குச் சரிவில் இருப்பவருக்குச் சூரியன் மாலை ஐந்து மணிக்கு முன்பே முகட்டுக்குப் பின்னால் போய்விடும், அந்தியும் நம் பகுதியில் நீண்ட நேரம் நிற்காது. எட்டு விரலுக்குக் குறைவாக இருந்தால் நீர் தேடுவதை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்துவிட்டு, தங்குமிடத்தை அமைக்கத் தொடங்கிவிட வேண்டும்.

நீர் இருக்கும் இடத்தைப் படித்தல்

நீரைத் தேடி அலைவதைவிட, ஓரிடத்தில் நின்று பார்ப்பது மேலானது. கோடையில் கிழக்குச் சரிவை ஒரு மேட்டிலிருந்து பார்த்தால் காடு முழுவதும் காய்ந்த பழுப்பாகத் தெரியும்; அதனூடே ஒரு பச்சைக் கோடு வளைந்து வளைந்து இறங்கும். அதுதான் ஓடை. ஓடையில் நீர் ஓடாவிட்டாலும் அந்தக் கோட்டில் நிற்கும் நாவல், நீர்மருது, புங்கம், அத்தி ஆகியவற்றின் வேர்கள் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் அவை பசுமையாக இருக்கின்றன. மேல்மலையில் இந்தக் கணக்கு இன்னும் எளிது. அங்கே புல்வெளி முதுகுகளிலும் சோலை மடிப்புகளிலும் இருக்கும். சோலைக்காட்டின் தரை இலைமக்கும் பாசியும் சேர்ந்து மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால், மடிப்பின் அடிப்பகுதிக்கு இறங்கினால் ஏப்ரல் மாதத்திலும் விரல் தடிமனுக்காவது ஒரு கசிவு இருக்கும்.

பாறை மிகுந்த மலைகளில் சுனையைத் தேட வேண்டும். பெரும்பாறையின் அடியில் நிழல் விழும் பக்கத்தில், பாசியோ பெரணியோ ஒரு கோடாகப் படர்ந்திருந்தால் அதன் தொடக்கத்தில் நீர்க்கசிவு இருக்கும். இதோடு நம் மலைகளுக்கே உரிய ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். உச்சியிலோ இடைவழியிலோ ஒரு வேலோ, மஞ்சள் பூசிய கல்லோ, மணி கட்டிய மரமோ தென்பட்டால், அதற்கு அருகில் நீர் இருக்கும் வாய்ப்பு அதிகம், ஏனெனில் அங்கே பொங்கல் வைக்க வருகிறவர்கள் அடிவாரத்திலிருந்து தண்ணீர் சுமந்து வருவதில்லை. அந்த இடத்துக்கு ஊரிலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று வந்தாக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய நற்செய்தி.

விலங்குகளும் பறவைகளும் வழி சொல்லும், ஆனால் எல்லாம் ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல. புறாக்கள் தானியம் உண்பவை. காலையிலும் மாலையிலும் அவை நீர்நிலைக்குப் போய்வரும், குடித்துவிட்டுத் திரும்பும்போது கனத்துத் தாழ்வாகப் பறக்கும். தேனீக்கள் ஒரு பாறையின் ஈரவிளிம்பில் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் நீர் கண்ணெதிரே இருக்கிறது என்று பொருள். அந்திக்குப் பிறகு தவளைச் சத்தம் கேட்டால் திசையை ஒரு கம்பை நட்டுக் குறித்து வைத்துக்கொண்டு விடிந்தபின் போக வேண்டும். கழுகையும் பருந்தையும் பின்தொடர்வதில் பயனில்லை. அவை இரையிலிருந்தே பெருமளவு நீரைப் பெற்றுவிடுகின்றன. யானைத் தடம் அகலமாக, சரிவை நோகாமல் ஏறியிறங்கும்படி அமைந்திருக்கும், அது பெரும்பாலும் நீருக்கே போய்ச் சேரும். ஆனால் அதில் போகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது யானையின் பாதை, நமக்கு ஒதுங்க இடமில்லாத பாதை. இலத்தி ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் அந்தத் தடத்தைவிட்டு உடனே விலகி, காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் வீசாதபடி சுற்றிப் போக வேண்டும்.

மணலில் ஊற்று தோண்டுதல்

ஓடை வறண்டு மணல் மட்டும் கிடந்தால் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. நான் வளர்ந்தது வைகைக் கரையில். கோடையில் ஆறு வெண்மணலாகக் கிடக்கும் நாட்களில் தேங்காய்ச் சிரட்டையோடு போய் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வேலையாக இருந்தது. அதன் முறை காட்டிலும் அப்படியே பொருந்தும். ஓடை வளையும் இடத்தில் வெளிவளைவின் கரையோரம், மணல் மிகத் தாழ்வாக இருக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், ஏனெனில் வெள்ளம் அங்கேதான் ஆழமாக அரித்திருக்கும், கடைசியாக வற்றுவதும் அங்கேதான். குழியைச் செங்குத்தாகத் தோண்டினால் மணல் சரிந்து மூடிவிடும்; வாய் அகன்று அடி குறுகிய கிண்ணம்போலத் தோண்ட வேண்டும். மேல்மணல் சூடாக இருக்கும், ஒரு சாண் ஆழத்தில் நிறம் மாறிக் குளிரும், ஒரு முழத்தில் கையில் ஒட்டும். அதன்பின் தோண்டுவதை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். முதலில் ஊறுவது சேறு. அதை இறைத்து வெளியே விட வேண்டும். இரண்டாவதும் கலங்கலாகவே வரும். மூன்று முறை இறைத்தபின் நான்காவதாக, குழியின் சுவரில் மணல்மணியாக நீர் அரும்பி, அடியில் கண்ணாடிபோலத் தேங்கும். அவசரப்பட்டு இரண்டாவது ஊறலைக் குடித்த பிள்ளைக்குப் பல்லெல்லாம் மணலாகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கை நீளம் தோண்டியும் மணல் ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். தோண்டுவதில் சிந்தும் வியர்வையும் நீர்தான். இந்த வேலையை நண்பகலில் செய்யாமல், மாலையிலோ விடியலிலோ செய்வது அதனாலேயே முறையாகும். வறண்ட ஆற்றுமணலில் யானைகளும் காலாலும் துதிக்கையாலும் ஊற்றுத் தோண்டுகின்றன. அப்படி ஒரு குழி தென்பட்டால், சற்று மேலே ஏறி மறைவில் வெகுநேரம் காத்திருந்து, எந்த அசைவும் இல்லை என்பது உறுதியான பிறகே இறங்க வேண்டும்.

ஓடையும் இல்லை, மணலும் இல்லை என்றால் பனித்துளி இருக்கிறது. மேல்மலைப் புல்வெளியில் விடியலுக்கு முன் பருத்தித் துண்டையோ பனியனையோ இரண்டு கணுக்காலிலும் சுற்றிக் கட்டிக்கொண்டு புல்லுக்குள் நடந்து, நனைந்ததும் பாத்திரத்தில் பிழிந்து, மறுபடியும் நடக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் தொண்டையை நனைத்து நாளைத் தொடங்கும் அளவுக்குக் கிடைத்துவிடும். மழை வந்தால் பாலித்தீன் உறையோ மழைச்சட்டையோ விரித்து ஏந்திக்கொள்ளலாம், அந்த நீரைக் காய்ச்சவும் தேவையில்லை. பச்சை மூங்கிலின் கணுக்களுக்கு இடையில் சில நேரம் நீர் நிற்கும். குலுக்கினால் சத்தம் கேட்கும், கணுவுக்குச் சற்று மேலே துளையிட்டு வடித்தால் தெளிவாகவும் நாற்றமின்றியும் இருப்பதை மட்டும் குடிக்கலாம்.

கொடிகளை வெட்டி நீர் குடிப்பது பற்றி ஆர்வத்தோடு பலரும் கேட்பதுண்டு. கேரளப் பக்கத்தில் புல்லானி என்று சொல்லப்படும் முரட்டுக் கொடியின் தண்டில் நீர் இருப்பதையும், கோடையில் காட்டுவாசிகள் அதை வெட்டிக் குடிப்பதையும் அறிந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கொடியை முன்பே ஒருவர் கையில் கொடுத்துக் காட்டியிருந்தால் ஒழிய அதை முயல வேண்டாம் என்பதே என் கருத்து. வெட்டிய இடத்தில் பால் வடிகிற எதையும் வாயில் வைக்கவே கூடாது. எருக்கும் கள்ளியும் அரளியும் நமக்குத் தெரியும், தெரியாதவை அவற்றைவிட அதிகம்.

கையில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்துவைத்து, அதைச் சுமந்தபடியே மயங்கி விழுவதில் பொருளில்லை. தாகம் எடுக்கும்போது குடித்துவிட்டு, சேமிப்பை வியர்வையில் செய்ய வேண்டும்: வெயில் நேரத்தில் நிழலில் கிடப்பது, வாயை மூடி மூக்கால் மூச்சு விடுவது, சட்டையைக் கழற்றாமல் இருப்பது. தண்ணீர் இல்லாதபோது உணவையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் செரிமானத்துக்கும் நீர் செலவாகிறது. சிறுநீரைக் குடிக்கும் யோசனையைக் கைவிட வேண்டும். உடல் வெளியேற்றிய உப்பை மீண்டும் உள்ளே அனுப்பினால் தாகம் கூடுமே தவிரக் குறையாது.

குடிக்கும் நிலைக்குக் கொண்டுவருதல்

மலை நீர் தெளிவாக இருப்பதாலேயே தூய்மையானது ஆகிவிடாது. மேலே ஒரு மான் செத்துக் கிடந்தால் அது கீழே நிற்பவருக்குத் தெரியப்போவதில்லை. நீரை முதலில் நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு கொதிக்கவைக்க முடிந்தால், தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். 2000 மீட்டருக்கு மேல் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் மூன்று நிமிடம் வேண்டும். பாத்திரம் இல்லாவிட்டால் பச்சை மூங்கில் குழாயில் நீரை ஊற்றித் தணலில் சாய்த்துவைக்கலாம், உள்ளே நீர் இருக்கும்வரை மூங்கில் எரிந்து ஓட்டையாகாது.

தீ மூட்ட முடியாதபோது சூரியனைப் பயன்படுத்தலாம். கடைகளில் விற்கும் நிறமற்ற தண்ணீர் பாட்டிலின் தாளைக் கிழித்துவிட்டு, தெளிந்த நீரை நிரப்பி, பாறையின் மேல் படுக்கவைத்து நல்ல வெயிலில் 6 மணி நேரம் விட்டால் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அழிந்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் 2 நாள் வேண்டும். கலங்கல் நீரில் வெயில் ஊடுருவாது என்பதால் முதலில் தெளியவைக்க வேண்டும். நம் காட்டுமரமான தேற்றாவின் கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறத்தில் உரசிவிட்டு நீரை ஊற்றினால் சேறு அடியில் படிந்துவிடுவதைக் கிராமத்து வீடுகளில் பார்த்திருப்போம். முருங்கை விதையும் அதே வேலையைச் செய்யும். ஆனால் அவை நீரைத் தெளிவாக்குமே அன்றி, காய்ச்சிய நீருக்கு நிகராக்கிவிடாது. இவற்றில் எதற்குமே வழியில்லாமல் உடல் வறண்டுகொண்டிருந்தால், ஓடுகிற நீராகப் பார்த்து வடிகட்டிக் குடித்துவிட வேண்டும். வயிற்றுப்போக்கு வருவதற்கு நேரம் எடுக்கும், அதற்கு மருத்துவமும் உண்டு.

நீரருகே படுக்கக்கூடாது

நீரைக் கண்டுபிடித்தவருக்கு அதன் அருகிலேயே படுத்துவிடத் தோன்றும். காட்டில் தவறாகப் போகும் முடிவுகளில் இதை முதலிடத்தில் வைப்பேன். இரவில் அந்த நீருக்கு வரும் யானையும் காட்டெருமையும் கரடியும் நம்மை எதிர்பார்த்து வருவதில்லை. திடீரென்று மோதிக்கொள்வதுதான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, நாம் படுத்திருக்கும் இடத்தில் ஒரு துளி மழைகூட இல்லாமல், மேலே முகட்டில் பெய்த மழை காட்டாறாக இறங்கி வருவது. சதுரகிரிக்குப் போகிறவர்கள் மழைநாளில் ஓடைகளைக் கடக்கத் தடைவிதிக்கப்படுவது இதனால்தான். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த நீர் சட்டென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், பொருளை எடுக்கவும் நிற்காமல் கரைமேல் ஏறிவிட வேண்டும். எந்தப் பக்கம் பாதை என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். நீரிலிருந்து குறைந்தது 100 மீட்டராவது தள்ளி, கரையில் பழைய வெள்ளம் விட்டுச்சென்ற சருகுக் கோட்டுக்கு மிக உயரத்தில், விலங்குத் தடங்களை விட்டு விலகி இடம் பார்க்க வேண்டும்.

முகட்டின் உச்சியும் வேண்டாம்; காற்றும் மின்னலும் அங்கேதான் விழும். பள்ளத்தின் அடியும் வேண்டாம். குளிர்காற்று கனமானதால் இரவில் அங்கே இறங்கித் தேங்கும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி வெண்மையாகப் படிவது இத்தகைய பள்ளங்களில்தான். சரிவின் நடுப்பகுதியில், காற்று மறைவான பக்கம் நல்லது. படுக்கும் இடத்துக்கு மேலே பட்ட கிளையோ தேன்கூடோ இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதை மறக்கக்கூடாது.

மலைச்சரிவில் பாறை முன்னோக்கி நீட்டிக்கொண்டு அடியில் குடைவாக இருக்கும் இடத்தைத் தென்மாவட்டங்களில் பொடவு என்பார்கள். பழனி மலை, வருசநாட்டு மலைப் பகுதிகளில் பளியர்கள் தலைமுறைகளாகத் தங்கிவந்த இடங்கள் இவை. நல்ல பொடவு கிடைத்தால் கூரை வேய வேண்டிய வேலை மிச்சம். ஆனால் நமக்குப் பிடித்த இடம் கரடிக்கும் பிடிக்கும். உள்ளே போகுமுன் வாயிலில் நின்று, மணலில் கால்தடம், எலும்புத் துண்டு, முள்ளம்பன்றி முள், விலங்கு வாடை, புது எச்சம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு கல்லை உள்ளே எறிந்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பாறை முகட்டில் மலைத்தேனீயின் பெரிய அடை தொங்கினால் அந்தப் பொடவு எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம், அங்கே புகை போடவே கூடாது.

பொடவு கிடைக்காவிட்டால் சாய்ப்பு ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பளவு உயரத்தில் கவையுள்ள இரண்டு மரங்களில் ஒரு நீளக் கம்பைக் குறுக்கே வைத்தால் அதுவே முகட்டுக்கம்பு. அதிலிருந்து காற்று வரும் பக்கமாகத் தரைவரை சாய்வாகக் கைக்கம்புகளை ஒரு சாண் இடைவெளியில் சாத்தி, அவற்றுக்குக் குறுக்கே வரிச்சுக் குச்சிகளைக் கொடியாலோ ஆத்தி நாராலோ கட்ட வேண்டும். தழையைக் கீழிருந்து மேலாக வேய வேண்டும், மேல்வரிசை கீழ்வரிசையின் மேல் விழும்படியாக. வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குகிற அதே முறை. தேக்கிலை, ஈச்சம் ஓலை, நீளமான புல் எதுவானாலும் சரி, மழை நிற்க வேண்டுமானால் ஒரு சாணுக்குக் குறையாத கனமும் செங்குத்தான சாய்வும் வேண்டும். தழை ஒடிக்கும்போது சேராங்கொட்டை மரத்தின் பக்கம் போகக்கூடாது. அதன் பால் பட்ட இடமெல்லாம் கொப்புளமாகும். பூனைக்காலிக் காயின் சுணையும் காஞ்சொறி இலையும் இரவு முழுவதும் தூங்கவிடா. கூரை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது: உள்ளே படுத்தால் தோளும் தலையும் இடிபடாத அளவு போதும், பெரிய இடத்தை நம் உடல்வெப்பத்தால் சூடாக்க முடியாது.

இனி, பலரும் விட்டுவிடுகிற ஒன்று. பழனி மலையின் மேல்தளத்தில் ஒரு டிசம்பர் மாலை, நானும் நண்பர் ஒருவரும் மூடுபனியில் வழி தவறி, இனி நடக்க வேண்டாம் என்று முடிவுசெய்து, காற்று படாத ஒரு பாறையின் மேல் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்தோம். இருவரிடமும் ஸ்வெட்டர் இருந்தது, மழை இல்லை, காற்றும் மறைவு. எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். பத்து மணிக்குள் பற்கள் தந்தியடித்தன. நண்பருக்குத் தன் சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையவில்லை. குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்து இருந்த துணியையெல்லாம் தோளில் போர்த்திக்கொண்டிருந்தோம், அது கீழிருந்து, அந்தப் பாறைக்குள் எங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் புல்லைப் பிடுங்கி, முழங்கால் உயரத்துக்குக் குவித்து, அதன்மேல் காலிப் பையைப் பரப்பி உட்கார்ந்த பிறகுதான் நடுக்கம் அடங்கியது.

ஆகவே கூரையை அரைகுறையாக விட்டாலும் படுக்கையை விடக்கூடாது. உலர்ந்த சருகையும் புல்லையும், ஏறி அழுத்தினால்கூட ஒரு சாண் கனம் நிற்கும் அளவுக்குக் குவிக்க வேண்டும். சருகைக் கையால் அள்ளாமல் முதலில் கோலால் புரட்டித் தட்ட வேண்டும், தேளும் சுருட்டை விரியனும் அதற்குள் கிடக்கும். நனைந்த உடையைக் கழற்றிப் பிழிந்து, உலர்ந்தது ஏதாவது இருந்தால் அதை உடலோடு ஒட்டி அணிந்து, சட்டைக்கும் பனியனுக்கும் இடையில் காய்ந்த புல்லைத் திணித்துக்கொள்ளலாம். கூட வந்தவருக்கு நாக்குழறுவதும் நடை தடுமாறுவதும் குளிர் உள்ளே இறங்கிவிட்டதன் அடையாளம். சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறுதல் அல்ல, மோசமாவது. அவரை நடுவில் விட்டு இருபுறமும் ஒட்டிப் படுக்க வேண்டும். மது கொடுக்கக்கூடாது, அது தோலுக்குச் சூட்டைக் கொண்டுவந்து வெளியேற்றிவிடும்.

தீயைப் பற்றி

குளிர்காலத்தில், மழை ஈரம் உள்ள மேல்மலையில், மண்ணைச் சுரண்டி, சுற்றிலும் கல் அடுக்கி மூட்டும் சிறு தீ உயிரைக் காக்கும். மீட்க வருவோருக்கு அடையாளமாகவும் இருக்கும். பிப்ரவரி முதல் மே வரை கிழக்குச் சரிவின் புல்லில் தீ மூட்டுவது வேறு கதை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆளுயரக் காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதர் ஏறி ஓட முடியாது. அந்த மாதங்களில் தீயின்றி இரவைக் கழிக்கவே திட்டமிட வேண்டும். தொலைவில் தீயோ புகையோ தெரிந்தால் மேட்டை நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறைத்தளத்துக்கோ, ஓடைப் படுகைக்கோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய கரிநிலத்துக்கோ போக வேண்டும். பசுஞ்சோலையின் உட்புறம் ஈரமாக இருப்பதால் தீ பெரும்பாலும் அதன் விளிம்போடு நின்றுவிடும்.

விடிந்த பின்

நாம் எங்கே போனோம் என்பது ஊரில் யாருக்காவது தெரிந்திருந்தால், இருந்த இடத்திலேயே இருப்பதுதான் சரி. வெளியே தெரியும்படி பளிச்சென்ற துணியைக் கட்டி, மும்மூன்று முறையாக விசில் ஊதியோ கல்லைக் கல்லால் தட்டியோ ஓசை எழுப்ப வேண்டும். குரல் கொடுத்தால் தொண்டை வறண்டு ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். யாருக்குமே தெரியாது, நீரும் இல்லை என்ற நிலையில்தான் நகர வேண்டும், நகரும் வழியில் ஒடித்த கிளையோ அடுக்கிய கல்லோ விட்டுச்செல்ல வேண்டும்.

ஓடையைப் பின்பற்றினால் ஊர் வரும் என்பது சமவெளிக் கணக்கு. கிழக்குச் சரிவில் ஓடை சில நூறு மீட்டருக்கு ஒருமுறை அருவியாகக் குதிக்கும், நம்மால் குதிக்க முடியாது. வழுக்குப் பாறையில் பாதி இறங்கியபின் ஏறவும் முடியாமல் சிக்கியவர்கள் உண்டு. ஓடைப் படுகைக்குள் இறங்காமல், அதன் சத்தம் காதில் விழும் தொலைவில், பக்கத்து முதுகின் மேலே நடந்து இறங்க வேண்டும். தேயிலை வரிசையோ, ஏலக்காய்த் தோட்டத்தின் வேலியோ, மின்கம்பமோ கண்ணில் பட்டால் அதை விடாமல் பிடித்துக்கொண்டு போகலாம்.

வீடு திரும்பியபின் இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டில் தங்கியதையும் ஓடைநீர் குடித்ததையும் மருத்துவரிடம் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சலும், புல்லில் இருக்கும் நுண்ணிய உண்ணியின் கடியால் உண்ணிக்காய்ச்சலும் வரலாம். உண்ணி கடித்த இடத்தில் அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோன்ற ஒரு கரும்புண் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொண்டு போனால், மருத்துவருக்கு நோயை அறிய அது பெரிதும் உதவும்.